அத்தானை அழைத்துவரப் பினாங்கு போனது

பினாங்குக் கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் எங்களை அங்கே இறக்கவில்லை. கப்பல் தளத்தில் படுத்து வந்தவர்களை எல்லாம் ஜெரஜாக் என்ற தீவில் கொண்டுபோய் விட்டார்கள். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். துணிமணிகளை ஆவியில் வேகவைத்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிய நாளிலிருந்து எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தது. வைசூரிதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த தஞ்சாவூர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வைசூரின்னா தொண்டையிலயா வரும்? நீங்க ஏறுனதுலேர்ந்து வறட்டுப் பொரியாத் தின்னுக்கிட்டு வர்றீங்க. தண்ணியக் குடிங்க, சரியாப் போயிடும்."

சரியாகத்தான் போயிற்று. ஆனால் என் பயம் தொண்டையோடு நிற்கவில்லை. ஊரில் என் அக்காள் காசநோயில் கிடந்தாள். இந்தத் தீவில் நான் வெறுமனே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவளுடைய நேரம் என்று ஒவ்வொரு பொழுதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காள் புருஷனை அழைத்துவரத்தான் போனேன். சவரிராயர் என்று பெயர். கோயில் மணியடிப்பவர் மகன். பாதிரியாராகப் போக வேண்டியவர், குருமடத்தில் பாதியில் வெளியே வந்துவிட்டார். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், பாலி எல்லாம் படித்தவர். கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தை, நாம் கடை விளம்பரம் படிப்பதுபோல் படிப்பார். சென்னையிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் கல்வெட்டைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்று உப்புக் கிட்டங்கியில் வேலைக்குப் போனவன். அவர்கள் பேசுவதில் எனக்கு ஒன்றும் விளங்காது. காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, தெரேசா. ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடைக் கம்பவுண்டர் புட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார். பிள்ளை போய்விட்டது. அடக்கம் முடிந்த கையோடு அந்த மனிதர் கல்லறைத் தோட்ட வாசலில் அத்தான் காலில் விழுந்து கதறினார். அத்தான் அவரைத் தூக்கி நிறுத்தி, ஊரே கேட்க, "எங்க வீட்டுல யாருக்கும் உங்க மேல கோபம் இல்லை, போங்க" என்றார். சனங்கள் எல்லாம் அழுதார்கள். மகான் என்றார்கள். அன்றிலிருந்துதான் ஊரில் எந்தச் சண்டை என்றாலும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தது.

என் அக்காள் அப்போது வீட்டில், பிள்ளையின் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் கோபம் இல்லை என்ற சேதி பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை அத்தானிடம் பேசவில்லை. கம்பவுண்டர் தெருவில் எதிரே வந்தால் இவள்தான் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. கோபத்தைக் காட்ட இடம் இல்லாமல் போயிற்று அவளுக்கு. ஒரு வருஷம் கழித்து, மலாய் நாட்டில் ஏதோ பழைய கல் கிடக்கிறது என்று அத்தான் கப்பல் ஏறினார். கல்லைப் படித்துவிட்டார். திரும்பவில்லை.

பினாங்கிலிருந்து திரும்பி வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் அவர் கதையைச் சொல்வார்கள். துறைமுகத்தில், தோட்டங்களில், எங்கே அடிதடி என்றாலும் வாத்தியார்தான் போய் உட்காருகிறாராம். அவர் பஞ்சாயத்தில் ஒரே ஒரு விதி. நம் நியாயத்தைப் பேசுமுன், எதிராளியின் மனத்தாங்கல் என்ன என்று நாமே சொல்ல வேண்டும். "ஆமாம், அதுதான்" என்று அவன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் முறை. யாரும் யாருக்கும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இதைக் கேட்டுவிட்டுத்தான் அக்காள் என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லார் வீட்டு மனத்தாங்கலும் அவருக்குத் தெரியுதாமே. என்னோடது என்னன்னு அவரே சொல்லட்டும். சொன்னா கூட்டியா. சொல்லலேன்னா நீ மட்டும் வா. நீ எடுத்துக்குடுக்கக் கூடாது, அந்தோணி" என்று மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கம்பவுண்டரை மன்னித்தது அவளுக்குக் குறையில்லை. அவளைக் கேட்காமல் அவளுக்கும் சேர்த்து மன்னித்ததுதான் குறை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லக்கூடாது என்ற சுமையோடுதான் கடல் தாண்டினேன்.

தீவிலிருந்து விட்டதும் படகில் கரைக்கு வந்தேன். ஒரு சீனருடைய ரிக்ஷாவில் ஏறி, "படகுக்காரத் தெரு, சவரி வாத்தியார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார். மனிதனை மனிதன் இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டியில் எனக்கு அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பாரம் குறையட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வரும். இந்த ஊரில் வானத்தைக் கவிழ்த்தாற்போல் கொட்டுகிறது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி அச்சு வளைந்து, நானும் டிரங்குப் பெட்டியும் சாக்கடை ஓரம் விழுந்தோம்.

எதிர்க் கடைக்காரர் எங்கள் பக்கத்து நாகூர்க்காரர். என்னைக் கைதூக்கி, கடைகளின் முன்னால் தெரு நெடுகப் போகிற தாழ்வாரத்தில் நிறுத்தினார். இங்கே அதற்கு அஞ்சடி என்று பெயர்.

"எங்கண்ணே போவணும்? ஓ, சண்டை தீர்க்கிற வாத்தியார் வீட்டுக்கா?"

ரிக்ஷாக்காரர் வண்டியை நிமிர்த்திக்கொண்டே ஏதோ சொன்னார். கடைக்காரர் சிரித்துவிட்டுத் தமிழில் சொன்னார். 'வாத்தியாரிடம் போகிற ஆள் யாரோடு சண்டை போட்டான்' என்று கேட்கிறாராம். சண்டை எனக்கு இல்லை, என் அக்காளுக்கு என்றேன். கடைக்காரர் அதைச் சொல்லவும் ரிக்ஷாக்காரர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'அப்படியானால் அவளை ஏன் ஏற்றிக்கொண்டு வரவில்லை' என்றாராம். கூலியைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அத்தான் ஒரு சாக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தார். ஏணிபோல் செங்குத்தான படி. ஒரு பாய், ஒரு மண்கூஜா. புத்தகங்கள் எல்லாம் கோணியில் கட்டி மூலையில் கிடந்தன, கட்டுப் பிரித்து வருஷங்கள் ஆனதுபோல. தலை முழுக்க வெளுத்துப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. என்னை அடையாளம் கண்டதும், "அந்தோணி, நனைஞ்சு போயிட்டியே" என்று தன் வேட்டியை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகுதான் முகம் மாறியது. "யாருக்கு என்ன?"

அக்காள் இரத்தமாகக் கக்குவதைச் சொன்னேன். மழைக்காலம் முடியும்வரைகூடத் தாங்குவாளோ என்னவோ என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். பிறகு அவள் போட்ட நிபந்தனையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தொடர முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என் விதியை எனக்கே வெச்சுட்டாளா?"

"ஆமா அத்தான்."

"இதுக்கு யோசிக்க என்ன இருக்கு? அவளை ஒத்தையா விட்டுட்டு ஒரு கல்லைத் தேடி வந்தேன். அதானே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். கணக்கில் தப்பு வந்த கிட்டங்கி முதலாளி அப்படித்தான் பார்ப்பார்.

அடுத்த நாள் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குழாயடித் தகராறு. வாத்தியார் போயாக வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டார். நீராவிப் படகில் எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ரயில், பிறகு மாட்டு வண்டி. மரங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெட்டுக் காயம், காயத்துக்குக் கீழே ஒரு கொட்டாங்கச்சி. தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளில் எங்கள் ஜில்லாப் பேச்சு கேட்டது. ஒரு அம்மாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். சோறு வாசனை வேறு மாதிரி இருந்தாலும் குழம்பு அப்படியே எங்கள் வீட்டுக் குழம்பு. அக்காள் நினைவு வந்து பாதியில் கை கழுவிவிட்டேன்.

குழாய்த் தகராறு தீர்ந்தது. திரும்பும்போது வண்டிக்கு அச்சாணி கழன்று, ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயில் வரும்வரை மேடையில் அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கடுதாசியில ஊர் சமாசாரமே கேட்டேன், அவளைப் பத்திக் கேட்கல. அதுவா?"

"இல்ல அத்தான்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஆளுங்க முன்னால ஒருதரம் சிரிச்சிருக்கேன்."

"இல்ல."

கிழங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் தணிந்தது. "தெரேசாவுக்குக் காய்ச்சல் கண்டப்ப நான் ஊர்ல இல்ல. சுவடி பார்க்கத் திருவாரூர் போயிருந்தேன். நான் இருந்திருந்தா புட்டியப் படிச்சிருப்பேன். ஒரு பார்வை பார்த்தாப் போதும். உலகத்துல இருக்கிற எழுத்தெல்லாம் படிச்சேன், அந்தப் புட்டிய மட்டும் படிக்கல. அதான் அவ குறை. சொல்லு."

பிள்ளை பேரை அவர் வாயால் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். அது அக்காள் குறை இல்லை. அது அவருடைய குறை. எழுந்து அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. மாதா படம் கண்ணுக்குள் வந்து நின்றது. "இல்ல அத்தான்" என்றேன். அவர் அழுதார். ரயில் வரும்வரை நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் திரும்ப வேண்டிய கப்பலுக்கு முதல் நாள், படகுக்காரத் தெருவிலேயே ஒரு பஞ்சாயத்து. மீராசா என்பவர் காவடிபோல் ஒரு கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் கறிச் சட்டியும் தூக்கிவந்து துறைமுகத்தில் சோறு விற்பவர். மலாயில் அதை நாசி கண்டார் என்கிறார்கள். மீன் தலையும் வெண்டைக்காயும் கலந்த அந்தச் சாற்றை ஊற்றித் தின்றால் காதில் புகை வரும். அவர்மேல் சின்னையா என்கிற வண்டிக்காரரின் மாடு இடித்து, கொதிக்கிற கறி காலில் கொட்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் கம்போடு திரிந்தார்கள்.

மீராசா வீட்டு முன்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அத்தான் சின்னையாவைப் பார்த்து, "பாய்க்கு உங்க மேல என்ன மனத்தாங்கல், சொல்லுங்க" என்றார்.

"நான் மாட்டை வெரட்டி ஓட்டுனேன்கிறாரு."

"அது இல்லலா" என்றார் மீராசா. "மாட்டுக்கு என்ன தெரியும். ஓட்டுனவனவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி."

"காலு வெந்துபோச்சு."

"வெந்த காலு ஆறிடும். அதுவும் இல்ல."

"ஒரு சட்டி கறி போச்சு."

"கறி போனா நாளைக்குக் காய்ச்சுவேன். இவருக்குச் சோத்து நெனப்புத்தான் எப்பவும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சின்னையா முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"அவரு கீழ விழுந்து துடிச்சப்ப நான் சிரிச்சேன். பயத்துல வந்திருச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சேன்."

மீராசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார். "அதான்."

அதோடு முடிந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள். அத்தான் எழவில்லை. "வீட்ல அவங்களைக் கேக்கணும்" என்றார்.

"அவளை எதுக்குங்க? நான் சரின்னாச் சரிதான்."

"கால் உங்களோடது. அந்தக் காலுக்கு உக்காந்து விசிறினது அவங்க. அவங்க கோபத்தை நீங்க எப்படித் தீர்ப்பீங்க?" என்று சொல்லிவிட்டு உள்கட்டுத் திரை ஓரமாகப் போய் நின்றார்.

அக்காள் மனசில் இத்தனை வருஷம் கிடந்ததை அவர் அப்படியே சொல்லிவிட்டார், வேறு ஒருவர் வீட்டுக்காக. தன் வீட்டுக்கு அது எட்டவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னாள்: "கால் ஆறுற வரைக்கும் காவடிய அந்த அண்ணன் தூக்கட்டும். வெலை கூவி விக்கட்டும். அப்ப தெரியும்."

சின்னையா கறிக் காவடியைத் தூக்கிக்கொண்டு 'நாசி, நாசி' என்று கூவுவதை நினைத்து முன்கட்டே குலுங்கிற்று. அவரும் சரி என்றார். அத்தான் திரும்பப்போனபோது அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னாள்.

"வாத்தியாரே, ஒங்க வீட்டு அக்கா குடுத்துவெச்சவங்க. அவங்களைக் கேக்காம நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டீங்க."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. அத்தான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னையா ஓடிப்போய்ப் பிடித்து, "என்னங்க, தலை சுத்துதா" என்றார். அத்தான் வீட்டுக்கு வந்ததும் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் அவர் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் துறைக்கு என்னோடு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கூட்டம், கூச்சல், கப்பலுக்குப் போகிற படகுக்காரர்கள் என் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பெட்டி போய்விடுமோ என்று நான் அதன் மேல் உட்கார்ந்தேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கல்லறை வாசல்ல அந்தக் கம்பவுண்டர் கிட்ட, எங்க வீட்டுல யாருக்கும் கோபம் இல்லைன்னேன். அவளுக்கு இருந்துச்சு. பெத்தவளுக்கு இல்லாம இருக்குமா? அதை நான் எடுத்துத் தானம் பண்ணிட்டேன். அவளைக் கேக்கல. ஊர் என்னைக் கும்பிட்டுச்சு. அவ கோபப்படக்கூட இடம் வெக்கல நான்."

"ஆமா அத்தான்" என்றேன். "அதான்."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "வாங்க போலாம். துணியெல்லாம் எதுக்கு, என்னோடது இருக்கு. தளத்துல ஒரு ஆளுக்கு இடம் சொன்னாக் குடுப்பாங்க."

அவர் எழவில்லை.

"இப்ப நானா வந்து நின்னா, மறுபடியும் அதே தப்புத்தான். தெரிஞ்சுக்கிட்டேன், வந்துட்டேன், என்னை மன்னிச்சிருன்னு அவ முன்னால போய் நிக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்ல. நான் வரலாமான்னு கேளு. வரச் சொன்னா அடுத்த கப்பல்ல ஏறுறேன்."

"அத்தான், அவளுக்கு நேரம் இல்ல. நான் போய்ச் சேர்ந்து, தந்தி அடிச்சு, நீங்க கப்பல் ஏறி..."

"தெரியும்."

"சொன்னாக் கூட்டியான்னுதானே சொன்னா. நீங்க சொல்லிட்டீங்க."

"புரியாமச் சொல்லியிருந்தா, சொன்னதே போதும்னு வந்திருப்பேன், அந்தோணி. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

படகு தள்ளிப்போகிறபோது அவர் படியில் நின்றிருந்தார். கையைக்கூட ஆட்டவில்லை. நல்லபடியாய்க் கரை சேர வேண்டும் என்று யாரோ ஒரு கடலோடி அந்தக் காலத்தில் கல்லில் வெட்டிவைத்த வேண்டுதலைப் படிக்கத்தான் அவர் இந்த ஊருக்கு வந்தாராம். நான் போய்ச் சேர்ந்த அன்று சொல்லியிருந்தார். வழியெல்லாம் காற்று, அலை. கப்பல் கவிழ்ந்து, நான் கொண்டுபோகிற சேதியும் என்னோடு முழுகிவிடும் என்று பயந்தேன். இன்னொரு ஆளுக்காவது சொல்லிவைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்காள் இருந்தாள். சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். என் பின்னால் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று கண்டதும், "சொல்லலியா?" என்றாள்.

"சொன்னார் அக்கா. யாரும் எடுத்துக்குடுக்கல." துறையில் அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்புறம் ஏன் வரல?"

"உன்னைக் கேக்காம வரமாட்டேன்னுட்டார். வரலாமான்னு கேட்டு அனுப்பியிருக்கார். நீ ம்னு சொல்லு, இப்பவே போய்த் தந்தி அடிக்கிறேன்." செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

"உக்காரு. உன்னை யாரு அவசரப்படுத்துறா? என்னைத்தானே கேட்டிருக்கார். நான் யோசிக்கணும்."

அதற்குப் பிறகு அவர் என்ன சாப்பிடுகிறார், துணி யார் துவைக்கிறார்கள், தலை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். ரிக்ஷாவிலிருந்து நான் விழுந்ததைக் கேட்டுச் சிரித்து, இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை. கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. நாமே ஒரு தந்தி அடித்துவிட்டால் என்ன என்று தபாலாபீசுப் படிவரைக்கும் போனேன். அவளைக் கேட்காமல் செய்வதா என்று திரும்பி வந்தேன். அப்புறமும் ஒரு தடவை போய்த் திரும்பினேன்.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் காலையில், "அவரு காத்துக்கிட்டு இருப்பாரா?" என்றாள்.

"இருப்பார் அக்கா."

"இருக்கட்டும்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா, ஆசை இருந்ததா, இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. தெரேசா போனதிலிருந்து நான் அப்படி ஒரு தெளிவை அவள் முகத்தில் பார்த்ததில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

இந்தத் தடவை தபாலாபீசுக்குள் நேராகப் போனேன். அவள் இறந்த சேதியோடு, கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்து அத்தானுக்குத் தந்தி கொடுத்தேன்.